நார்மல் கழுத்து

கட்டிலின் தலைமாட்டில் முகம் வைக்க ஒரு ஓட்டை. அந்த ஓட்டைக்குள் மூஞ்சியைக் கொடுத்துக் குப்புறப் படுத்திருந்த ஒச்சம்மாளுக்கு இப்போதைக்கு உலகம் என்றால் தரை, தரைமேல் கால்கள், அவ்வளவுதான். காலையில் அவளே துடைத்த தரை. ஈரம் காய்வதற்குள் இத்தனை ஷூ. ஒருத்தனுக்காவது மிதியடி கண்ணில் பட்டதா? படித்தவனுங்க. நடுவில் நிற்கிற பிரவுன் ஷூ சபாபதி டாக்டருடையது, இந்த வலி ஆஸ்பத்திரிக்கு முதலாளி. முன்பக்கம் பளபளவென்று இருக்கிறது, குதிகாலில் மட்டும் சேறு. அந்த மனுசருக்கு எல்லாமே முன்பக்கந்தான். சுற்றி நிற்கிற மற்ற கால்கள் வெளியூர் டாக்டர்கள். மதுரைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கென்று கிளம்பி வந்திருக்கிறார்கள். கழுத்துத் தசையில் வலி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை ஸ்கேன் மிசின் வைத்துப் பார்ப்பது எப்படி என்று படிக்கிறார்களாம். அதற்கு வலிக்கிற கழுத்து ஒன்று, வலிக்காத கழுத்து ஒன்று, ரெண்டும் வேண்டுமாம், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க. வலிக்கிற கழுத்தைப் பார்த்து முடித்தாயிற்று. ரித்தீஷோ என்னமோ பேர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலையாம், இவள் குப்புறப் படுக்கும்போது நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தை வளைத்து மறுபடியும் போனை நோண்டிக்கொண்டிருந்தான். வலிக்காத கழுத்து ஒச்சம்மாளுடையது. 'நம்ம ஒச்சம்மா இருக்காளே, கொழுப்பே இல்லாத கழுத்து, ஒவ்வொரு தசையும் தனித்தனியாத் தெரியும், பக்கா நார்மல்' என்று சபாபதி டாக்டர் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார் பாருங்கள், வாய் கூசாமல். ஒச்சம்மாள் வாயைத் திறந்திருப்பாள். அந்த நேரம் பார்த்து வாயில் தாலிக்கயிறு.

ஜெயக்கொடி நர்ஸ் கழட்டித்தான் தரச் சொன்னாள். 'அக்கா, கயித்தைக் குடுங்க, நான் பத்திரமா வச்சிருக்கேன்.' நேற்றுக் கல்யாணமான கழுதை, என்னமோ கைக்கடிகாரத்தைக் கேட்கிற மாதிரி கேட்கிறாள். புருசன் குத்துக்கல்லாட்டம் வீட்டில் இருக்கும்போது கழட்டிக் கொடுப்பதா? சீனிச்சாமியின் லட்சணத்துக்கு எப்பவோ கழட்டி வீசியிருக்கலாம், அது வேற; ஆனால் வீசுவதென்றால் அவன் மூஞ்சியில் வீச வேண்டும், இந்த ஸ்டீல் தட்டில் பஞ்சுக்கும் கத்திரிக்கும் நடுவில் வைப்பதற்கில்லை. கடைசியில் கயிற்றை மேலே ஏற்றிக் கொண்டைக்குள் சொருகி, கிளிப்பைக் குத்தி, முன்னால் தொங்கினதை நழுவாமல் பல்லில் கவ்விக்கொள்ளச் சொன்னாள். கவ்விக்கொண்டு கிடக்கிறாள். மஞ்சளும் வேர்வையும் சோப்பும் கலந்து ஒரு கசப்பு, எச்சில் ஊறி ஊறி நாக்கு ஒட்டுகிறது. முதுகில் ரவிக்கைக் கொக்கி ரெண்டு கழன்று கிடக்கிறது. உள்பாடிப் பட்டையில் ஊக்கு குத்தியிருப்பது இந்நேரம் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தால் தெரியட்டும், தொலையட்டும். அதுவா இப்போ கவலை. கவலை வேற. அந்த மிசின்.

அந்த மிசின் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து தினமும் துடைக்கிறவள் அவள்தான். அது எத்தனையோ பேர் கழுத்தைப் பார்த்துவிட்டது, அவள் கழுத்தை மட்டும் பார்க்கவில்லை. மற்றவர்கள் கழுத்தைப் பார்க்கும்போது அவள் அந்தத் தலைகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கழுத்தில் ஊசி போடும்போது தலை இம்மி நகரக்கூடாது. ஊருலகத்தில் அதற்குத் தலையணை இருக்கிறது, பட்டை இருக்கிறது. சபாபதி டாக்டருக்கு அது எதுவும் ஆகாது. 'தலகாணி நகரும், ஒச்சம்மா கை நகராது' என்று வருகிறவன் போகிறவனிடம் எல்லாம் பெருமை. அவர் பெருமைக்கு இவள் கழுத்து. ஒருக்களித்துப் படுத்திருக்கிறவர் தலையை ரெண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு, இடுப்பை வளைத்து, தோளைத் தூக்கி, ஊசி இறங்குகிற இடத்தில் மூச்சு படக்கூடாதென்று மூஞ்சியை இடப்பக்கம் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். அவர் சாவகாசமாக மிசினில் பார்ப்பார். ஊசியை இறக்குவார், நிறுத்துவார், சித்திரைத் திருவிழாவில் அழகர் எந்தக் கலர் பட்டு கட்டி ஆற்றில் இறங்கினார் என்று நோயாளியிடம் கதை பேசுவார், மறுபடி கொஞ்சம் இறக்குவார். தலை என்றால் லேசா? பயத்தில் விறைத்த தலை ஒரு கனம், அசந்து கிடக்கிற தலை இன்னொரு கனம். எண்ணெய் வழுக்கும், பேன் ஊரும், போன வாரம் ஒரு ரியல் எஸ்டேட்காரர் தலையில் போட்ட டை அவள் உள்ளங்கையில் கறுப்பாக ஒட்டி, அந்தக் கையோடுதான் அன்றைக்குச் சோறு பிசைந்தாள். ஒரு தலை இறங்கினால் அடுத்த தலை. வீட்டுக்குப் போகும்போது கைகள் வெறுமனே தொங்கும், ஆனால் வலது தோளுக்கும் காதுக்கும் நடுவில் ஒரு தலை இன்னும் உட்கார்ந்திருக்கும், யாருடையது என்று தெரியாது, இறக்கி வைக்க முடியாது. ராத்திரி புரண்டு படுத்தால் அதுவும் கூடவே புரளும்.

சொல்லாமல் இல்லை. சொன்னாள். கூட்டம் இல்லாத மத்தியானம் பார்த்து, அவர் காபி குடித்து நல்லபடியாக இருக்கையில், 'சார், எனக்கும் ஒரு வாட்டி அந்த மிசின்ல வச்சுப் பாத்தா…' என்று இழுத்தாள். அவர் டம்ளரைக் கீழே வைக்கக்கூட இல்லை. 'ஒச்சம்மா, உனக்கு வலி கழுத்துல இல்ல, மனசுல. வீட்டுல சண்டையா? நல்லாத் தூங்கு. நீ நார்மல்மா.' தொட்டுப் பார்த்தாரா? ஒரு விரல்? ரித்தீஷ் மாதிரி ஆளுங்களை எல்லாம் காதிலிருந்து தோள்வரை அமுக்கி அமுக்கிப் பார்க்கிற விரல், இவள் பக்கம் நீளவே இல்லை. மனசாம். மனசு என்ன வலது தோளிலா இருக்கு? அதற்கப்புறமும் ரெண்டொரு தடவை வாய்வரை வந்தது, பாண்டிச்செல்வியை நினைத்து முழுங்கிவிட்டாள். பாண்டிச்செல்வி இவளுக்கு முந்தி இங்கே ஆயா. இடுப்பு பிடித்துக்கொண்டதென்று அழுதாள், அவளுக்கு மட்டும் உடனே படம் எடுத்துப் பார்த்து, 'அடடா, தேய்மானம், ரெஸ்ட் எடும்மா, சரியானதும் வா' என்று வாசல்வரை வந்து அனுப்பினார். அவள் சரியாகி வந்தபோது அவளுடைய நீலக்கோட்டை இன்னொருத்தி போட்டிருந்தாள். அந்த இன்னொருத்திதான் ஒச்சம்மாள். அந்தக் கோட்டில் பாண்டிச்செல்வியின் விக்ஸ் வாசம் போக எத்தனையோ நாள் ஆனது.

'ஜெல்லு கொஞ்சம் சில்லுனு இருக்குமுங்க அக்கா' என்று மேலேயிருந்து ஒரு குரல், சொல்லி முடிக்கும் முன்னாலேயே சில்லென்று ஒரு கொழகொழப்பு பிடரியில் விழுந்தது. வகுப்பு எடுக்க வந்திருக்கிற லேடி டாக்டர், கோயம்புத்தூர், மேகலா என்று பேர். அக்காவாமே. பொண்ணையா கட்டிக் கொடுக்கப் போறா. குரல் தேனாகத்தான் இருக்கிறது, எல்லாருக்கும் குரல் தேன்தான், கை வைக்கும்போது பார்க்கலாம். கை வைத்தாள். மிசினின் குமிழ், சோப்புக்கட்டி அகலம் இருக்கும், இடப்பக்கக் கழுத்தில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. நல்லவேளை, இடப்பக்கம். மிசின் பொய் சொல்லாது என்பார்கள். அதுதான் பயம். வலப்பக்கம் வந்து இருக்கிறதைக் காட்டிவிட்டதென்று வை, இந்த ஆளு வாசல்வரை வந்து ரெஸ்ட் எடும்மா என்பார், நாளான்னைக்கு இந்தக் கோட்டுக்குள் எவளோ ஒருத்தி. அப்புறம் வீட்டில் அடுப்பு எதில் எரியும்? சீனிச்சாமியின் ஷேர் ஆட்டோ ஓடுகிற நாளைவிட நிற்கிற நாள் ஜாஸ்தி. சரி, ஒன்றும் காட்டவில்லை என்று வை. அது இதைவிடப் பயம். அப்போ அவர் சொன்னது மெய்யாகிவிடும். சீனிச்சாமி சொன்னதும் மெய்யாகிவிடும். 'ஏசி ரூம்புல நிக்கிறவளுக்கு என்னடி கழுத்து வலி? ஆட்டோ ஓட்டுற நானே கம்முனு கெடக்கேன். தைல நாத்தம் தாங்கல, அந்தப்பக்கம் திரும்பிப் படு.' திரும்பிப் படுத்து, தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்த அத்தனை ராத்திரியும் பாசாங்கு என்றாகிவிடும். கண்டுபிடித்தால் வேலை போகும், கண்டுபிடிக்காவிட்டால் அவளே போனாள். எதற்கு வேண்டிக்கொள்வது? குலசாமி பாப்பாபட்டி ஆத்தாளுக்கே குழம்பும்.

'இங்க பாருங்க, தோலுக்குக் கீழ மேலாப்புல கெடக்கற தசை. வரி வரியா, நேரா, சுத்தமா இருக்குதுங்களா? இப்பக் கலர் போடறேன். இளக்கமா இருக்கற தசை பச்சையா வரும், இறுகிப்போனது சிவப்பா வரும். அந்தத் தம்பிக்குச் சிவப்புத் திட்டு பாத்தோமில்லீங்க? இது பூராப் பச்சை.' ம்ம்ம் என்று ஒரு முனகல் சுற்றிலும். ஷூக்கள் நெருங்கி வந்தன. 'நான்தான் சொன்னேன்ல' என்றது பிரவுன் ஷூ. ஒச்சம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த இடப்பக்கக் கழுத்தைப் பாரேன், ஒரே உடம்பில் ஒட்டிக்கொண்டிருந்து இப்படிக் காலை வாருகிறதே. பாடுபட்டது பூராம் வலப்பக்கம், பேர் வாங்கிக்கொள்வது இது. மூத்தவன் உழைத்துக் கொட்ட இளையவன் மைனராகத் திரிந்த சீனிச்சாமி வீடு மாதிரிதான். அந்த வலப்பக்கத்தை யார் யாரோ தொட்டுவிட்டார்கள், டாக்டரைத் தவிர. செல்லூரில் ஒருத்தி, இரட்டைப் பிள்ளையாகப் பிறந்தவள், இரட்டையாகப் பிறந்தவள் கை பட்டால் சுளுக்கு விடும் என்று ஊரே போகும். நல்லெண்ணெயைச் சுடவைத்துத் தடவி, கட்டைவிரலால் காதுக்குக் கீழிருந்து ஒரே இழுப்பு. அன்றைக்குச் சாயங்காலம் கழுத்து இருக்கிறதே தெரியவில்லை. பஸ்ஸில் சும்மா சும்மா திரும்பிப் பின்சீட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள், பின்சீட்டுக்காரி முறைத்தாள். மறுநாள் காலையில் முதல் தலையைப் பிடித்ததும் போச்சு. வாயில் கயிறு நழுவியது, இறுக்கிக் கவ்வினாள். இறுக்கினால் தாடை இறுகும், தாடை இறுகினால் கழுத்து இறுகும், கழுத்து இறுகினால் சிவப்பு. இளகு. மூச்சை விடு. இளகித் தொலையேன், சனியனே, இந்த ஒரு நாளைக்கு. எதுக்கு இளகணும்? இவருக்காகவா? இவர் மானத்தைக் காப்பாத்தவா? இறுகு. நல்லா இறுகு. ஐயோ வேண்டாம், வீட்டு வாடகை, இளகு.

'இப்ப வலப்பக்கம் போலாமுங்க.' குமிழ் பிடரி எலும்பில் ஏறி இறங்கி அந்தப் பக்கம் போனது. ஜெல் ஒரு சொட்டு காதுக்குப் பின்னால் ஊர்ந்தது, துடைக்கக் கையை அசைக்கக்கூடாது. மேகலா டாக்டரின் கால்கள், நீல பிளாஸ்டிக் உறைக்குள் சின்னச் சின்னதாக இருந்தவை, கட்டிலை ஒட்டி இடம் மாறின. உறை போட்டிருக்கிறாள். இந்தக் கும்பலில் இவள் ஒருத்திதான் உறை போட்டிருக்கிறாள். அதற்காக நல்லவளாகிவிடுவாளா என்ன. குமிழ் தோளின் மேட்டில் ஏறியது, நகர்ந்தது, நகர்ந்தது, நின்றது. ஒச்சம்மாளுக்குத் தெரியும். எத்தனை தலைகளைப் பிடித்துக்கொண்டு டாக்டர் கையைப் பார்த்திருக்கிறாள். ஒன்றும் இல்லாத இடத்தில் கை நிற்காது. நின்ற கை கொஞ்சம் பின்னால் போய்த் திரும்ப அதே இடத்துக்கு வந்தது, சாய்ந்து பார்த்தது, பிறகு அமுக்கியது. அடியாத்தி! அந்த வலி காதுக்குப் பின்னால் ஏறிப் பொட்டில் அடித்துக் கண்ணுக்குள் வந்து நின்றது. கயிற்றைப் பல் நறநறவென்று கடித்தது. கண்ணிலிருந்து ஒரு சொட்டு ஓட்டை வழியாக நேரே தரையில் விழுந்தது, டைல்ஸில் பொட்டு மாதிரி. அவள் அழவில்லை, அதுவாக விழுந்தது. அழுவதாக இவனுங்க நினைத்துக்கொள்வார்களோ என்று ஆத்திரமாக இருந்தது. மிசின் உர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தது.

'அக்கா, இங்க வலிக்குதுங்களா?' என்றாள் மேகலா. கேள்வி. அந்தக் கேள்வியை ஒச்சம்மாளிடம் இந்தக் கட்டடத்துக்குள் ஒருத்தர் கேட்பது இதுதான் முதல் தடவை. கேட்டவள் யாரோ எவளோ, சாயங்காலம் ரயில் ஏறிப் போய்விடுவாள். வாயில் கயிறு, பதில் வரத் தாமதமானது. அதற்குள் பிரவுன் ஷூ ஒரு எட்டு முன்னால் வைத்தது. 'இல்ல இல்ல, அவளுக்கு வலியெல்லாம் கெடையாது டாக்டர். கூச்சப்படுறா. இத்தனை பேரு நிக்கிறோம்ல.' ஒச்சம்மாள் எங்கே ஓடுவாள்! அவள் வாய் அவரிடம் இருக்கிறது, அவள் கழுத்து அவரிடம் இருக்கிறது, அவள் வலி மட்டும் அவருக்கு வேண்டாம். 'இல்லீங்க சார்' என்றாள் மேகலா, தேன் கொஞ்சம் குறைந்திருந்தது. 'இது நார்மல் இல்லீங்க. இங்க பாருங்க, வரியெல்லாம் கலைஞ்சு கருப்பா உருண்டு நிக்குது. கலர் போட்டா அத்தனையும் சிவப்பு. அந்தத் தம்பிக்கு இருக்கறதைவிட இது ரொம்ப ஜாஸ்தி. இன்னைக்கு நேத்து வந்ததில்லீங்க, வருசக்கணக்கா இருக்கோணும். எப்புடித் தாங்கிட்டு வேலை செய்யறாங்கன்னே தெரியல.'

இருக்கு. ஒச்சம்மாளுக்குக் காது அடைத்துத் திறந்தது. இருக்கு. பொய்யில்லை, மனசில்லை, பாசாங்கில்லை, கருப்பாக உருண்டு சிவப்பாக இருக்கிறது, அத்தனை பேர் கண்ணுக்கும் தெரிகிறது, அவளுக்கு மட்டும் தெரியவில்லை, அவளுக்குத் தெரிய வேண்டியதும் இல்லை. சிரிப்பு வந்தது. ஒரு மாதிரியான சந்தோசம், நாலு பேரை நாக்கைப் பிடுங்குற மாதிரி கேட்டுவிட்டு வந்தால் வருமே, அது. சீனிச்சாமி, வந்து பாருடா. படம் பிடிக்கிற கிளிக் சத்தம் கேட்டது, ரெண்டு மூணு போனில். பிடிங்க, நல்லாப் பிடிங்க. 'சார், உங்க நார்மலே இப்படின்னா பேஷண்ட் எல்லாம் என்ன கதி?' என்று ஒரு கறுப்பு ஷூ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். சபாபதி டாக்டரும் சேர்ந்துதான் சிரித்தார். அவர் சிரிப்பு கேட்டதும் அவள் சந்தோசம் அப்படியே உறைந்தது. வரப்போகிறது. ரெஸ்ட் எடும்மா. வாசல்வரை வருவார். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அந்த வார்த்தைக்குக் காத்திருந்தாள். அவர் சொன்னார்: 'வேலை செய்ற பொம்பளைங்க கழுத்து அப்படித்தான் இருக்கும். சரி, நார்மல் போதும், சாப்பாட்டு நேரம் ஆகுது, ஊசி போடுறதைக் காட்டிருவோம். தம்பி, அந்தக் கட்டில்ல ஒருக்களிச்சுப் படுங்க. ஒச்சம்மா, எந்திரி. வந்து தலையைப் பிடி.'

கண்ணைத் திறந்தாள். அதே தரை, அதே சொட்டு, இன்னும் காயவில்லை. இதை அவள் நினைத்துப் பார்க்கவே இல்லையே. தெரிந்தால் துரத்துவார் என்று பயந்தாள், தெரியாவிட்டால் பொய்க்காரி ஆவோம் என்று பயந்தாள். தெரிந்தும் ஒன்றுமே ஆகாது என்பது அவள் புத்திக்கு எட்டவில்லை. கருப்பும் சிவப்புமாகக் கண்ணுக்கு முன்னால் பார்த்துவிட்டு, சிரித்துவிட்டு, தலையைப் பிடி என்கிறார். துரத்தியிருந்தாலாவது அது ஒரு மரியாதை. பக்கத்துக் கட்டிலின் ரெக்ஸின் நெரிகிற சத்தம் கேட்டது, அந்தப் பையன் ஏறிப் படுத்துவிட்டான், தலை தயாராக இருக்கிறது. 'ஒச்சம்மா, சீக்கிரம்' என்றார். அவள் கைகள் பழக்கத்தில் கட்டிலின் விளிம்பைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தன. எடுபட்ட கை. நகராத கை என்று பேர் வாங்கின கை. விளிம்பிலிருந்து அவற்றைப் பிடுங்கி உடம்புக்கு அடியில் திணித்துக்கொண்டாள். கயிற்றைத் துப்பினாள், எச்சிலோடு அது தாடையில் உரசித் தொங்கியது.

'நீங்க பிடிங்க சார்.'

ஓட்டைக்குள் சொன்னதால் சத்தம் தரையில் மோதித் திரும்பியது. மேலே யாருக்கும் சரியாக விழவில்லை போல, 'என்ன?' என்றார். அவள் தலையைத் தூக்கவில்லை. 'தலைய நீங்க பிடிங்க. உங்க ரெண்டு கையும் சும்மாத்தான இருக்கு. ஊசிய அந்த டாக்டரம்மா போடட்டும். மூஞ்சிய மட்டும் எடப்பக்கம் திருப்பிக்கோங்க சார், மூச்சு படக்கூடாது.'

தோளில் குமிழ் இன்னும் அதே இடத்தில் இருந்தது, மேகலா அதை எடுக்கவில்லை, அமுக்கவும் இல்லை, சும்மா வைத்திருந்தாள். ஒச்சம்மாளின் வலப்பக்கம் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது, தெறிக்கட்டும். பிரவுன் ஷூ ரெண்டும் நின்ற இடத்திலேயே நின்றன. பார்த்துக்கொண்டே கிடந்தாள். 'டாக்டர், நான் படுத்துட்டேன்' என்றான் அந்தப் பையன். அப்புறம் அந்தப் பிரவுன் ஷூவில் ஒன்று பையனின் கட்டில் பக்கம் திரும்பியது, இன்னொன்று அதன் பின்னால் போனது, அவள் துடைத்த தரையில் குதிகால் சேறு ஒட்டிக்கொண்டது. அதை நாளைக்குத் துடைக்கப்போவது அவளா வேற ஒருத்தியா என்று ஒச்சம்மாள் அப்போது யோசிக்கவில்லை.